நூற்றுப் பதினான்கு கிலோ அண்ணன்

பொறுமையில் என்னை மிஞ்சிய என் தங்கைக்கு, மல்லாந்து படுத்தபடி அண்ணன் எழுதுவது. நான் நலம். என்னைத் தூக்கியவர்கள் நலமில்லை.

இடுப்பெலும்பு முறிந்த அண்ணனை வீட்டுக்கு அழைத்துப்போய் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து வராதே. காரணத்தைச் சொல்கிறேன். என்னைச் சேர்த்த அன்று எடை என்ன என்று கேட்டார்கள். பக்கத்துக் கட்டிலைச் சுற்றி ஒரு குடும்பமே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால், எண்பது என்று சொல்லிவிட்டேன். முப்பத்தொரு வருஷம் லாரி எடை மேடையில் உட்கார்ந்து, ஒரு கிலோ கூடினாலும் வண்டியைத் திருப்பி அனுப்பியவன் என்று உத்தியோகத்தையும் சேர்த்துச் சொன்னதால், அவர்களும் நம்பித் தலைமாட்டுப் பலகையில் எழுதிவிட்டார்கள். இங்கே எண்பது வரைக்கும் இரண்டு நர்ஸ். அதற்கு மேல் நான்கு பேர்.

மறுநாள் காலை நான் கால்மாட்டுப் பக்கம் சரிந்து போயிருந்தேன். மேலே இழுத்துப் போட மூத்த நர்ஸும் ஒரு புது நர்ஸும் வந்தார்கள். மூத்தவருக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். கட்டிலை இடுப்புயரத்துக்கு ஏற்றி, காலை அகட்டி, முழங்காலை மடக்கி, பாடத்தில் உள்ளபடியே நின்று, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றார். மூன்றில் ஒரு சத்தம் கேட்டது. கட்டில்தான் விட்டுப்போச்சு என்று நினைத்தேன். அந்தம்மா முதுகு. அப்போதும் என்னைப் பாதியில் போடவில்லை. தலையணையைச் சரிசெய்து, போர்வையை இழுத்துவிட்டு, தரையில் தொலைத்த எதையோ தேடுகிறவர் மாதிரிக் குனிந்தபடியே வார்டை விட்டுப் போனார். புதியவருக்குச் சாயங்காலம் தோள்பட்டை பிடித்துக்கொண்டது.

தலைமை நர்ஸ் வந்தார். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார்.

"இந்த எண்பது எப்ப எடுத்ததுங்க?"

"என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாவியை வாங்கிக்கொண்டு போய், ஆளைத் தூக்கும் இயந்திரம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். எடுத்துப் புழங்கினால் பழுதாகிவிடும் என்று இரண்டு வருஷமாகச் சாமான் அறையில் உறையோடு பூட்டி வைத்திருந்ததாம். துணித் தொட்டிலில் என்னைப் போட்டு அந்தரத்தில் தூக்கியபோது, தலைக்கு மேலே சிவப்பாக 114 என்று எரிந்தது. அது எடையும் காட்டுமாம். வார்டு முழுக்க அண்ணாந்து பார்த்தது. பக்கத்துக் கட்டில்காரர் மட்டும் மனைவியிடம், "நான் சொல்லலை?" என்றார். இரண்டு வேளை பட்டினி கிடந்தும் பார்த்தேன், எண் அசையவில்லை.

மூத்த நர்ஸ் இப்போது கீழ்மாடியில், பெண்கள் வார்டில் படுத்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டு ஒரு சீட்டு கொடுத்தனுப்பினேன். பதில் வாய்மொழியாக வந்தது: "நூத்திப் பதினாலுன்னு சொல்லியிருந்தாலும் நாங்க ரெண்டு பேர்தான் தூக்கியிருப்போம். நாலு பேருக்கு இங்க எங்க போறது? ஐயாவைச் சாப்பிடச் சொல்லுங்க." சாப்பிட்டேன். உப்புக் கரித்தது. லாரிக்கு அச்சுக்கு இத்தனை டன் என்று சட்டம் உண்டு. மீறினால் நானே நிறுத்திவிடுவேன். நர்ஸை நிறுத்த யாரும் இல்லை.

ஆகவே, பழகின முதுகே மடங்கிப்போன இடத்தில், நாற்காலியை நகர்த்தவே மூச்சு வாங்கும் நீ, "எங்கண்ணனை நான் தூக்க மாட்டேனா" என்று கிளம்பாதே. நீ வரவே வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் எதைத் தூக்கினாலும் முழங்காலை மடக்கித் தூக்கி, நிமிர்ந்த முதுகோடு நூறு வருஷம் வாழட்டும்.

இப்படிக்கு,
இருந்த இடத்திலேயே இருக்கும் அண்ணன்

பி.கு.: இதை மடிக்கும் நேரத்தில் மாப்பிள்ளையே வந்துவிட்டார். வேலையாக இந்தப் பக்கம் வந்தாராம். "என்ன மச்சான், சரிஞ்சு கிடக்கறீங்க" என்று, நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து ஒரே தூக்கு. இப்போது எதிர்க் கட்டிலில் இருக்கிறார். ஒரு நோயாளிக்கு ஒரு பார்வையாளர் என்பது இங்கே இந்த வாரம் வந்த புது விதி; என் கணக்கில் ஏற்கெனவே அவர் பெயரை எழுதிவிட்டார்கள். நீ அவருடைய பார்வையாளராக உடனே புறப்பட்டு வா.