ஜெயப்பிரகாஷ் பேரில் ஏறிய பதினோரு வேலை

இனிமேல் இந்த வீட்டில் வாய் வார்த்தையாகச் சொல்லும் எந்த வேலையையும் செய்வதில்லை என்று ஜெயப்பிரகாஷ் ஒரு திங்கட்கிழமை காலை கண்ணாடியைப் பார்த்துச் சபதம் செய்தான். வாயில் பற்பசை நுரை இருந்ததால் சபதம் பாதிதான் வெளியே வந்தது. மீதியை விழுங்கிவிட்டான்.

அவன் மேல் தப்பு சொல்ல முடியாது. கள்ளக்குறிச்சியில், வீட்டிலேயே உட்கார்ந்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறவன் அவன். மனைவி சந்திரலேகா கல்வராயன்மலை மேலே அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் காலையில் மலை பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். ஓடும்போதுதான் அவளுக்கு எல்லா வேலையும் ஞாபகம் வரும். செருப்பு மாட்டும்போது இரண்டு, கேட்டைத் திறக்கும்போது மூன்று, தெருமுனையில் ஒன்று. கடைசி வேலை பஸ் ஜன்னல் சீட்டிலிருந்து போனில் வரும்.

மூன்று நாள் உட்கார்ந்து ஜெயப்பிரகாஷ் ஒரு வெப்சைட் கட்டினான். பெயர், 'வூடு'. வியாழக்கிழமை சாயங்காலம், அவள் வந்து காபி குடித்து முடித்ததும் திறப்பு விழா நடத்தினான்.

"இன்னாங்க இது?"

"சிஸ்டம். இனிமே வேலைய வாயால சொல்லக் கூடாது, இதுலதான் போடணும். உன் பேர்ல உள்ள போனா உன் வேல மட்டும் தெரியும். என் பேர்ல போனா என்துதான் தெரியும். லிஸ்ட்ல இருந்தா செய்யணும். இல்லன்னா கேக்கக் கூடாது."

"நான்தான் உள்ள வந்திருக்கேன்னு அதுக்கு எப்டித் தெரியும்? மூஞ்சப் பாக்குமா?"

"மூஞ்சயெல்லாம் பாக்காது. ஒருதடவ பாஸ்வேர்டு போட்டா போதும். போன்ல குக்கின்னு ஒன்னு வெச்சிட்டுப் போயிடும். அப்புறம் அதத்தான் பாக்கும்."

"குக்கியா? எறும்பு வராது?"

ஜெயப்பிரகாஷுக்கு உள்ளுக்குள் இனித்தது. இவ்வளவுதான் இவளுக்குத் தெரியும்.

"அது சரி, மேல இன்னாத்துக்கு 'வெளியே போ'ன்னு எழுதி வெச்சிருக்கீங்க? கட்டிக்கினு வந்தவளப் பாத்து எழுதற எழுத்தா இது?"

"அது லாக் அவுட்டு சந்திரா! உன்ன இல்ல!"

"பேரு முழுசா வருது பாருங்க. சந்திரான்னு மாத்திக்க முடியாதா?"

"முடியுமே. பேரு, போட்டோ எல்லாம் நாமளே மாத்திக்கலாம்" என்று காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான்.

அவன் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. வெப்சைட்டை ஓட்டும் நிரலுக்குள் ஒரு வரி ஒளித்து வைத்திருந்தான். உள்ளே வந்திருப்பவர் ஜெயப்பிரகாஷ் என்றால், எத்தனை வேலை போட்டாலும் அத்தனையையும் மறைத்துவிட்டு, 'இன்று வேலை எதுவும் இல்லை, ஓய்வெடுக்கவும்' என்று காட்டும் வரி.

வெள்ளிக்கிழமை சொர்க்கம். சந்திரலேகா அவன் பேரில் ஐந்து வேலை போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். அவன் போன் ஓய்வெடுக்கச் சொன்னது. எடுத்தான். சாயங்காலம் அவள் கேட்டதற்குப் போனைத் திருப்பிக் காட்டினான். அவள் இரண்டு விநாடி அதைப் பார்த்தாள். "சிஸ்டம் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து, பாத்திரத்தை அவளே தேய்த்தாள். அவனுக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

சந்திரலேகாவுக்கு லீவு நாளான சனிக்கிழமை காலை, குளித்துவிட்டு வந்து போனைத் திறந்தான். 'வணக்கம், ஜெயப்பிரகாஷ்!' அவன் போட்டோ சிரித்தது. அதற்குக் கீழே பதினோரு வேலை.

மாவு ஆட்டுதல். பெட்ஷீட் துவைத்தல். பாத்ரூம் கழுவுதல். மின்விசிறி துடைத்தல். முருங்கைக்கீரை ஆய்தல். அதற்குமேல் படிக்க அவனுக்குத் தெம்பு இல்லை.

"இன்னாங்க, மூஞ்சி ஒரு மாரி இருக்குது?"

"லிஸ்ட்டு... லிஸ்ட்ல..."

"லிஸ்ட்ல இன்னா?"

என்ன சொல்வான்? 'என் லிஸ்ட் காலியாகத்தானே இருக்கணும்' என்று சொன்னால், ஏன் காலியாக இருக்கணும் என்று கேட்பாள்.

"ஒன்னுல்ல."

"என்துல ஒரு வேலையும் இல்லீங்க. ஓய்வெடுக்கச் சொல்லுது" என்று அவள் காலை நீட்டி உட்கார்ந்தாள். "வெங்காயம் அரியலாம்னு பாத்தேன். சிஸ்டத்த மீறக் கூடாதே!"

மதியம் மொட்டைமாடியில் பெட்ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்து மாடியிலிருந்து ஆதிமூலம் எட்டிப் பார்த்தார். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"இன்னா தம்பி, கம்ப்யூட்டர் வேல போயிடுச்சா?"

"இல்லண்ணே. இது கம்ப்யூட்டர் குடுத்த வேல."

"பரவால்லியே, பெட்ஷீட்டெல்லாம் குடுக்குதா!" என்று ஆச்சரியப்பட்டுப் போனார்.

மாவு அரைபட்டுக்கொண்டிருந்த நேரத்திலும், கீரை வெந்துகொண்டிருந்த நேரத்திலும் நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு பிழை தேடினான். ஒவ்வொரு வரியாகப் பார்த்தான். ஒளித்து வைத்த வரி வைத்த இடத்திலேயே குத்துக்கல்லாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் பதினோரு வேலை. திங்களும் பதினொன்று. செவ்வாய்க்கிழமை இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு ஒன்று தோன்றியது. பெயரை விடு, அந்த வரி பார்ப்பது சைட் ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும் எண்ணைத்தானே, உள்ளே வந்திருக்கும் ஆளின் எண்ணைப் பார்ப்போம்.

அவன் எண் ஒன்று. அவன் போனில் உள்ளே இருந்தது எண் இரண்டு, சந்திரலேகாவின் எண்.

சாயங்காலம் சந்திரலேகா வாசல் ஏறியதுமே பிடித்துக்கொண்டான்.

"உன் பேர 'ஜெயப்பிரகாஷ்'னு மாத்தி, என் போட்டோவப் போட்டு, என் போன்ல உள்ள நுழஞ்சிக்கினு இருக்கற!"

"ஆமாங்க" என்றாள் அவள், கைப்பையை ஆணியில் மாட்டிக்கொண்டே. "உங்கள 'வெளியே போ'ன்னு அமுக்கிட்டு நான் உள்ள வந்தேன். என் போன்ல நீங்க இருக்கீங்க, என் பேரோட."

"என் பாஸ்வேர்டு உனக்கு எப்டித் தெரியும்?"

"எம்பேருதானே வெச்சிருந்தீங்க. மொத தடவையே தொறந்துக்கிச்சு."

ஜெயப்பிரகாஷ் காதுவரை சிவந்தான்.

"குக்கிக்கு எறும்பு வருமான்னு கேட்டவதானே நீ?"

"ஆஸ்பத்திரில நாங்க மூணு பேரு ஒரே கம்ப்யூட்டர்லதான் மாத்தி மாத்தி உள்ள போறோம். யார் பேர்ல இருக்கோம்னு பாக்காம ஒரு ஊசிகூடப் போட மாட்டோம். அது கெடக்கட்டும். வெள்ளிக்கெழம நான் போட்ட அஞ்சு வேல எங்கங்க போச்சு?"

அவன் ஒளித்து வைத்த வரியைக் காட்டினான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தான். இருவர் பெயரையும் பழையபடி மாற்றி, தன் போனில் தானே உள்ளே வந்து, வேலைகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தான். அவள் தலையாட்டினாள்.

"இல்ல, சைட்டையே மூடிட்டா இன்னா?" என்று மெல்லக் கேட்டான்.

"ஐயோ, மூடாதீங்க! எங்க நர்ஸுங்க கேட்டுக்கினு இருக்காங்க" என்று அவள், இன்னும் அவன் கணக்கிலேயே திறந்திருந்த தன் போனைத் தட்டிக்கொண்டே சமையலறைக்குள் போனாள்.

அவன் போன் சிணுங்கியது. பட்டியலில் புதிதாக ஒன்று ஏறியிருந்தது. 'நாலு நர்ஸுங்க வூட்டுக்கும் இதே மாரி ஒரு வெப்சைட். ஞாயித்துக்கெழமைக்குள்ள.'

கீழே சின்ன எழுத்தில், இந்த வேலையைச் சேர்த்தவர்: ஜெயப்பிரகாஷ்.