எஸ்கலேட்டர் உங்களைத் திருப்பி அனுப்பவில்லை, அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் நலமென்று நம்புகிறேன். தையல் மெஷினின் பெல்ட் மட்டும் நலமில்லை என்று அம்மா சொன்னாள். இதற்குள் புதிது வாங்கி மாட்டியிருப்பீர்கள். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். நம் போன் பேச்சின் அழகு உங்களுக்கே தெரியும். "சாப்டியாம்மா?" "சாப்டேன்பா." "கரண்டெல்லாம் ஒழுங்காப் போகுதா?" "போகுதுப்பா." "சரி, வெச்சிடட்டுமா?" அவ்வளவுதான். இந்த வெட்கத்தை யார் யாருக்குக் கொடுத்தது என்று அம்மா கேட்பது நியாயம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை நீங்கள் என் ஆபீஸ் வாசல் வரை வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போனது எனக்குத் தெரியும். மறைக்க வேண்டாம். செக்யூரிட்டி அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "ஒல்லியா ஒருத்தர் வந்தார்மா. கண்ணாடி, துணிப்பை, கழுத்துல இன்ச் டேப் தொங்குது. எஸ்கலேட்டரையே பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னுட்டுப் போயிட்டார்." கழுத்தில் இன்ச் டேப்பை மறந்துவிட்டு வெளியே கிளம்புகிற மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். என் பட்டமளிப்பு போட்டோவில்கூட அது இருக்கிறது. அன்று சாயங்காலம் போனில், "இன்னிக்கு எங்கப்பா போனீங்க?" என்று கேட்டேன். "சும்மா, வெளியே" என்றீர்கள். நீங்கள் சும்மா வெளியே போய் நான் பார்த்ததே இல்லை.

இங்கே எலக்ட்ரிக்கல் இன்ஜினியராக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நீங்கள் வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால், "பெரிய ஆளுங்க வர்ற இடம், நான் வந்து அங்க என்னம்மா பண்ணப் போறேன்" என்பீர்கள். ஒருவழியாக மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்தால், மேலே ஏற்றிவிட வேண்டிய எஸ்கலேட்டர் உங்களைப் பார்த்துக் கீழே இறங்கியிருக்கிறது. 'நமக்கு இங்கே இடமில்லை' என்றுதான் நினைத்திருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? அப்பா, அது உங்களைச் சொல்லவில்லை. அன்றைக்கு அது யாரையுமே மேலே விடவில்லை. ஏன் என்று எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டு மறுபடி கிளம்பி வர வேண்டும் என்றில்லை. வர வேண்டாம். புரிந்தால் போதும்.

நம் வீட்டுக்கு வருவது கரண்ட் வயர் ஒன்று, அது திரும்பிப் போக நியூட்ரல் ஒன்று. எங்கள் கட்டடம் மாதிரிப் பெரிய இடங்களுக்குக் கரண்ட் மூன்று வயரில் வரும், கூடவே ஒரு நியூட்ரல். மூன்றுக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பெயர். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து தள்ளுவதில்லை. சிவப்பு ஓயும்போது மஞ்சள் தள்ளும், மஞ்சள் ஓயும்போது நீலம். பெரிய மோட்டார்கள் இந்த மூன்றும் முறைவைத்துத் தள்ளுவதால் சுற்றுகின்றன. லைட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் அவ்வளவு தேவையில்லை. ஏதாவது ஒரு வயரும் நியூட்ரலும் போதும், இருநூற்று முப்பது வோல்ட். வயருக்கும் வயருக்கும் நடுவே அளந்தால் நானூறு. முன்பு ஒருமுறை, "இருநூத்தி முப்பதும் இருநூத்தி முப்பதும் நானூத்தி அறுபதுதானேம்மா, மீதி அறுபதை யார் எடுத்துக்கிட்டாங்க?" என்று கேட்டீர்கள். நம் போன் வரலாற்றிலேயே நீளமான வாக்கியம் அதுதான், அதற்கே நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். யாரும் எடுக்கவில்லை. ஒரு துணியில் மூன்று பக்கமும் சமமாக ஒரு முக்கோணம் போடுங்கள், நட்டநடுப் புள்ளியிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் இருபத்துமூன்று இஞ்ச் இருக்கிற மாதிரி. நடுப்புள்ளிதான் நியூட்ரல், மூலைகள்தான் மூன்று வயர். இப்போது மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பாருங்கள். நாற்பத்தாறு வராது. நாற்பதுக்கு ஒரு நூல் குறைவாக வரும்.

இந்த முறை மாறினால் என்ன ஆகும்? நீங்கள் மெஷினை மிதிக்கும்போது வீல் பின்பக்கமாகச் சுற்றிவிட்டால் நூல் சிக்கிக்கொள்ளுமே, அந்த மாதிரிதான். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று தள்ள வேண்டியது சிவப்பு, நீலம், மஞ்சள் என்று தள்ளினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். வெள்ளிக்கிழமை அதுதான் நடந்தது.

காலையில மெயின் கேபிளை மாத்தினாங்கப்பா. வயருக்கு அடையாளம் போட்ட எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு மஞ்சள் டேப் தீர்ந்துபோச்சு. கடைக்குப் போக சோம்பல். நீல டேப்பை ஒரு சுத்து சுத்தினா நீலம், ரெண்டு சுத்து சுத்தினா மஞ்சள்னு தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கிட்டார். போட்டவர் யார்கிட்டயும் சொல்லாம டீ குடிக்கப் போயிட்டார். மாட்டினது இன்னொருத்தர். அவருக்கு நீலம்னா நீலம், அதுல ஒரு சுத்து என்ன, ரெண்டு சுத்து என்ன? மஞ்சளும் நீலமும் இடம் மாறிடுச்சு. நான் மேனேஜர் சார்கிட்ட, "சார், முறை சரியா இருக்கான்னு ஒரு தடவை..."ன்னு ஆரம்பிச்சேன். என் குரல் உதட்டைத் தாண்டுறதே பெரிய விஷயம். அவர் மீட்டரை வெச்சுப் பார்த்தார். நியூட்ரலுக்கு மூணுலயும் இருநூத்தி முப்பது. எந்த ரெண்டுக்கு நடுவுல வெச்சாலும் நானூறு. "லட்சணமா இருக்கேம்மா. லைட்டும் எரியுது. இன்னும் என்ன?"ன்னுட்டார். அளவெல்லாம் சரிதான்பா. அளவு பிசகாம வெட்டி, இடது கையையும் வலது கையையும் மாத்தி வெச்சுத் தைச்ச சட்டை மாதிரி.

அப்புறம் ஆரம்பிச்சுது. கேன்டீன்ல புகையை வெளியே தள்ளுற ஃபேன் உள்ளே தள்ளுது. இத்தனை வருஷக் கரியும் கேன்டீன்காரர் மூஞ்சியில. "எவன்டா அது வெளியில நின்னு ஊதறது?"ன்னு அவர் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துச் சண்டைக்குப் போறார். புகையெல்லாம் படிக்கட்டு வழியா ஏற, அந்த வழி போச்சு. தண்ணி பம்ப் சத்தம் மட்டும் பிரமாதமா வருது, மாடிக்குத் தண்ணி ஏறல. லிஃப்ட் ஒண்ணுதான் புத்திசாலி, முறை தப்புன்னு கண்டுபிடிக்கிற ஒரு சின்ன ரிலே அதுக்குள்ள இருக்கு, அதனால அசையவே மாட்டேன்னு நின்னுடுச்சு. எஸ்கலேட்டர் ரெண்டும் பழசு, அந்த அறிவெல்லாம் கிடையாது. ஏத்துறது இறக்குது, இறக்குறது ஏத்துது. கணக்குப் பிரிவு அக்கா போனைப் பார்த்துக்கிட்டே கால் வெச்சவங்க, ஏறி ஏறி நின்ன இடத்துலயே நடந்துக்கிட்டு, "என்ன இன்னிக்கு மாடி இவ்ளோ தூரமா இருக்கு?"ன்னு கேக்கறாங்க. செக்யூரிட்டி அண்ணன் விசிலோட நின்னு, "இன்னிக்கு மட்டும் இறங்குறதுல ஏறுங்க, ஏறுறதுல இறங்குங்க"ன்னு எல்லாரையும் திருப்பி விட்டுக்கிட்டிருந்தாராம். உங்ககிட்டயும் அதையே சொன்னாராம். நீங்க அவரை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "என்னப்பா, ஆளைப் பார்த்தா கிண்டலா இருக்கா?"ன்னு கேட்டுட்டுப் போனீங்களாம். நீங்களா இவ்வளவு பேசினீங்கன்னு எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரல.

அந்த நேரம் நான் எங்க இருந்தேன் தெரியுமா? உங்க காலுக்குக் கீழ, பேஸ்மென்ட்ல. "சார், மெயினை ஆஃப் பண்ணிட்டு ரெண்டு வயரை மாத்தி மாட்டினாப் போதும், முறை நேராயிடும்"னு சொல்லிக்கிட்டிருந்தேன். "எந்த ரெண்டை?" "எந்த ரெண்டுன்னாலும் சரி சார்." "எந்த ரெண்டுன்னாலும் சரியா? இதைத்தான் காலேஜ்ல படிச்சியா?" அப்பா, நான் கத்திட்டேன். "ஆமா சார், இதைத்தான் படிச்சேன்!" பேஸ்மென்ட் முழுக்க எதிரொலிச்சுது. டேப் சுத்தின அண்ணன் டீயைக் கீழ வெச்சிட்டு எழுந்து நின்னுட்டார். மாத்தினாங்க. எல்லாம் சரியாச்சு. மூச்சு வாங்க மேல ஓடி வந்து பார்த்தேன். எஸ்கலேட்டர் அழகா மேல போய்க்கிட்டிருக்கு, அதுல ஒருத்தரும் இல்ல.

இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருக்கக் கூடாதாப்பா? என் மேஜையைக் காட்டியிருப்பேன். சிவப்பு, மஞ்சள், நீலம்னு மூணு லைட் வரிசையா எரியுற பேனலைக் காட்டியிருப்பேன். டெஸ்டர் வைக்கன்னு நீங்க ஒடுக்கமா ஒரு பாக்கெட் வெச்சுத் தைச்சுக் கொடுத்தீங்களே, அந்தச் சட்டையைப் பார்த்து மேனேஜரே "டெய்லர் யாரும்மா?"ன்னு கேட்டார். "கூட்டிட்டு வரேன் சார்"னு சொல்லி வெச்சிருக்கேன். நம்ம வீட்டுல இந்த மாதிரி இடத்துக்குள்ள முதல்ல போனது நான், ரெண்டாவது நீங்களா இருக்கணும்னு ஆசை. பரவாயில்ல. வாசல் வரைக்கும் வந்தீங்களே. இந்த வாரம் முழுக்க அதை நினைச்சே ஓட்டிட்டேன்.

ஆகவே, மறுபடி மெனக்கெட வேண்டாம். தைக்கிற வேலை கெட்டுப்போகும். அம்மாவுக்கு என் அன்பு. மெஷினுக்கு எண்ணெயும் உங்களுக்கு மாத்திரையும் நேரத்துக்குப் போட்டுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் இன்ஜினியரம்மா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது செக்யூரிட்டி அண்ணன் கூப்பிட்டார். "அம்மா, உங்க அப்பா மறுபடி வந்திருக்கார்! எஸ்கலேட்டர்ல நானே ஏத்தி விட்டுட்டேன்!" ஓடினேன். தூரத்துலேர்ந்தே "அப்பா!"ன்னு கத்திட்டேன், இப்பதான் கத்தப் பழகிடுச்சே. ஒல்லியா, கண்ணாடி போட்டு, துணிப்பையோட, கழுத்துல இன்ச் டேப்போட அவர் திரும்பிப் பார்த்தார். மேல்மாடி ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுக்க வந்தவராம், வெள்ளிக்கிழமை வந்து திரும்பிப் போனவரும் இவர்தானாம். பாவம், நான் வேற யாரையோ கூப்பிடறேன்னு நினைச்சுத் தனக்குப் பின்னாடியும் ஒரு தடவை பார்த்துக்கிட்டார். ஆக, நீங்க வரவே இல்ல. வெள்ளிக்கிழமை நிஜமாவே சும்மாதான் வெளியே போயிருக்கீங்க. இதையெல்லாம் கிழிச்சுப் போடலாம்னு பார்த்தேன், முக்கோணம் நல்லா வந்திருக்கு, மனசு வரல. வர வேண்டாம்னு எழுதின இடத்தையெல்லாம் மட்டும் நீங்களே அடிச்சிடுங்க. வந்துட்டுப் போயிட்டீங்கன்னு நினைச்சுத்தான் அப்படி எழுதினேன். வாங்கப்பா. டேப் கழுத்துலயே இருக்கட்டும். எஸ்கலேட்டர் மேலதான் போகுது. தினமும் காலையில அதைப் பார்த்துட்டுத்தான் எனக்கு மத்த வேலை.