ஒரு நட்டு மிச்சம்

எல்லாவற்றையும் பூட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் பிஸ்கட் டின்னின் அடியில் ஒரு நட்டு கிடப்பதை மினோரு பார்த்தான்.

சுண்டைக்காய் அளவு நட்டுதான். ஆனால் காரின் இன்ஜினும் கியர்பாக்ஸும் முழுசாக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டன. இந்த நட்டு எதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியது என்று கடவுளுக்கும், காரைக் கழற்றிப் போட்ட மாமனாருக்கும்தான் வெளிச்சம்.

மாமனார் கென்ஸோ கொட்டகை வாசலில், இடுப்பில் அகலப் பட்டையைச் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இன்ஜினைப் பார்க்காமல் வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆபீசு, முடிஞ்சுதா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் மருமகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. உவாஜிமா துறைமுகத்தில் படகு இன்ஜின்களோடு காலம் தள்ளியவர். அரிசி மண்டிக் கம்பெனியில் மேஜைக்குப் பின்னால் உட்காரும் மாப்பிள்ளைக்கு முதல் நாளே 'ஆபீசு' என்று பெயர் வைத்துவிட்டார். அதுவே நிலைத்துவிட்டது. இப்போது ஏப்ரலில் அவனுக்கு சப்போரோவுக்கு மாற்றல். நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. போவதற்குள் ஒரே ஒரு தடவையாவது அந்த மனிதர் வாயால் 'மினோரு' என்று கேட்டுவிட வேண்டும். கார் ஓடினால் கூப்பிட்டுவிடுவார் என்று அவனாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

மாட்டிக்கொண்டது தன் வாயால்தான். பெண் கேட்க வந்த அன்று, "மெஷின் வேலை ஏதாச்சும் தெரியுமா?" என்று கென்ஸோ கேட்டார். "ஏதோ கொஞ்சம்" என்றான். உண்மையிலேயே கொஞ்சம்தான், ஒரு தடவை ரைஸ் குக்கருக்கு ஒயர் மாற்றியிருந்தான். ஆனால் அந்த ஊரில் கடலைக் குறுக்கே நீந்திக் கடந்தவன்தான் 'கொஞ்சம் நீந்துவேன்' என்பான். நிஜமாகவே கொஞ்சம் தெரிந்தவன் 'ஐயையோ, தண்ணியைப் பார்த்தாலே பயம்' என்பான். ஆகவே 'ஏதோ கொஞ்சம்' என்று சொன்னவனை வீடே மகா வித்வான் என்று முடிவு கட்டிவிட்டது.

மாற்றல் செய்தியை வந்து சொன்ன அந்த டிசம்பர் வாரத்தில்தான், "ஏதோ சத்தம் வருது" என்று கென்ஸோ தன் பழைய காரின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். தரையில் செய்தித்தாளை விரித்து, கழற்றிய வரிசை பிசகாமல் அடுக்கி வைத்தார். அடுக்கி முடித்த கையோடு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"அதுக்கென்ன, நம்ம ஆபீசு இருக்கே. ஏதோ கொஞ்சம் தெரியும்னு சொல்லுச்சே" என்றார் படுத்தபடியே.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. வருஷக் கடைசிப் பெருஞ்சுத்தம் வந்தது. மாமியார் மிசாவோ அந்த விஷயத்தில் ஒரு மூலையையும் விட்டுவைக்க மாட்டார். கொட்டகைக்குள் புகுந்து, ஒவ்வொரு போல்ட்டையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துணியில் உலர்த்தி, பெரியது, நடுத்தரம், சிறியது என்று பிரித்து பிஸ்கட் டின்களில் போட்டு மூடி வைத்துவிட்டார்.

"எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க மாப்ளே! முன்னாடி கன்னாபின்னான்னு இறைஞ்சு கெடந்துச்சு" என்றார் பெருமையாக.

மினோரு ஒரு பழைய ரிப்பேர் புத்தகத்தை வாங்கினான். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்தான். வியர்த்தான், விரலை நசுக்கிக்கொண்டான், மாமியார் வைத்த மீன் சோற்றை இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். ஒருவழியாக இன்றைக்கு முடித்தும்விட்டான். இந்த நட்டு மட்டும் மிஞ்சாமல் இருந்திருந்தால்.

"முடிஞ்சுது மாமா."

"எதாச்சும் மிஞ்சுச்சா?"

நட்டு அதற்குள் அவன் பேன்ட் பைக்குள் போயிருந்தது.

"ஒண்ணும் மிஞ்சல மாமா. பேட்டரிய சார்ஜ்ல போட்டு, அடுத்த வாரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துடலாம்."

கென்ஸோ அவனைப் பார்த்துவிட்டு ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாதியை அவன் பக்கம் தள்ளினார்.

மறுநாள் வீட்டில் வாஷிங் மெஷின் பேய் பிடித்தது போல் ஆடியது. அவன் மனைவி ரிட்சுகோ அதை நிறுத்தி, உள்ளே கையை விட்டு, நட்டை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள்.

"இது என்னது?"

"நட்டு."

"அது எனக்கும் தெரியுது. அப்பா கார் நட்டா? அவர்கிட்ட ஒண்ணும் மிஞ்சலைன்னு சொன்னியாமே. அம்மா போன்ல சொன்னாங்க, உன் வேலைய மெச்சிக்கிட்டு!"

"ஒரு நட்டுதானே ரிட்சுகோ."

"ஒரு நட்டால சக்கரம் கழண்டு எங்கப்பா கடல்ல போய் விழுந்தா?"

உடனே அம்மாவுக்கு போன் போட்டாள். அம்மா அப்பாவிடம் சொன்னார். அடுத்த ஞாயிறு மினோரு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தான். காது கிழியத் திட்டு விழும் என்று பார்த்தால், மனிதர் கோபமே படவில்லை.

"விடு ஆபீசு. மறுபடி கழட்டு. நட்டுன்னா அதுக்கு ஒரு வீடு இருக்கும்ல" என்றார். முகத்தில் ஒரு தெளிவுகூடத் தெரிந்தது.

கழற்றினான். தேடினான். நட்டுக்கு இடம் இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கடைசியில் ஒரு போல்ட்டில் ஏற்கெனவே இருந்த நட்டுக்கு மேல் இதையும் முறுக்கி, பாதுகாப்புக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பல வார வேலைக்குப் பிறகு இன்ஜின் மறுபடி உள்ளே போனது. டின்னை எடுத்துக் கவிழ்த்தான். கணீர் என்று ஒரு சுருள்வில் விழுந்தது.

இந்தத் தடவை பையில் வைக்க அவனுக்குப் பைத்தியமா? கென்ஸோ எழுந்து கழிப்பறைப் பக்கம் போன நேரத்தில், வேலியோரச் செடிக்குள் வீசி எறிந்தான். அப்பாடா என்று இருந்தது.

அரை மணி நேரத்தில் மிசாவோ தேநீர்த் தட்டோடு வந்தார். மூன்று கோப்பை, மூன்று பொரித்த மீன் அடை, நடுவில் ஒரு சின்னப் பீங்கான் தட்டு. அதில் காகிதக் கைக்குட்டை விரித்து, அதன்மேல் அந்தச் சுருள்வில், தேய்த்துக் கழுவிப் பளபளவென்று.

"செடியில கெடந்துச்சு மாப்ளே. களை எடுக்கப் போனேன். நல்லவேளை, என் கண்ணுல பட்டுச்சு!"

"ரொம்ப நன்றி அத்தை" என்றான் மினோரு. அழுகை வந்தது.

"அடடா" என்றார் கென்ஸோ, மீன் அடையைக் கடித்தபடி. "அப்போ அடுத்த ஞாயித்துக்கிழமையும் இருக்குன்னு சொல்லு."

மாற்றல் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இனித் தேடிப் பிரயோஜனமில்லை, எது மிஞ்சினாலும் எங்கேயாவது செருகிவிடுவது என்று மினோரு தீர்மானித்தான். கியர்பாக்ஸைப் பிரித்து, சும்மா இருந்த ஓர் இடுக்கில் சுருள்வில்லைத் திணித்துப் பார்த்தான். பொருந்துகிற மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் பெரிய பல்சக்கரத்தைப் பக்கம் மாற்றிப் பூட்டியதை அவன் கவனிக்கவில்லை.

இன்ஜின் முதல் திருகலிலேயே பிடித்தது. மிசாவோ கை தட்டினார். மினோரு முதல் கியரைப் போட்டு, கிளட்ச்சை மெல்ல விட்டான். கார் பின்னால் போனது.

பதறிப்போய் இரண்டாவது கியருக்கு மாற்றினான். கார் இன்னும் வேகமாகப் பின்னால் போனது. பின்னால் மிசாவோ ஊறுகாய்க்காக மூங்கில் பந்தலில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்த முள்ளங்கிகள் இருந்தன. பந்தல் சரிந்தது. அத்தனை முள்ளங்கியும் காரின் கூரைமேல் தொம் தொம்மென்று விழுந்தன.

"மாப்ளே! என் முள்ளங்கி!"

"ரிவர்ஸ்ல போடு ஆபீசு, ரிவர்ஸ்ல போடு!" என்று கத்தினார் கென்ஸோ. போட்டான். கார் சமர்த்தாக முன்னால் வந்து நின்றது.

மினோரு இறங்கி, இடுப்பு வளையக் குனிந்து மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டான். பிறகு மாமனார் பக்கம் திரும்பிக் குனிந்தான். நிமிர்ந்து பார்த்தால் கென்ஸோவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் அவர் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது.

"என்னை மன்னிச்சிடுங்க மாமா. இது முன்னாலயே போக மாட்டேங்குது."

"அதனால என்ன? எல்லாம் முன்னாலதான் போகணும்னு சட்டமா?" என்றார் அவர். சொல்லிவிட்டு ஏனோ சிரிப்பை நிறுத்திக்கொண்டு, முள்ளங்கி பொறுக்க மனைவிக்கு உதவப் போனார். இடுப்பு வலிக்காரர் அப்படிக் குனிந்து பொறுக்குவதை அன்றைக்கு இருந்த கலவரத்தில் யாரும் பார்க்கவில்லை.

கியர்பாக்ஸ் மறுபடி வெளியே வந்தது. மினோரு இந்தத் தடவை புத்தகத்தை எழுத்தெண்ணிப் படித்தான். இடுக்கிலிருந்த சுருள்வில்லைப் பிடுங்கி, இது இல்லாமலே ஓடினால் போதும் என்று ஓரமாக வைத்தான். பல்சக்கரத்தைத் திருப்பிப் பூட்டினான். ஒவ்வொரு போல்ட்டையும் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஆச்சரியம் என்னவென்றால், அவனுக்கு இப்போது நிஜமாகவே ஏதோ கொஞ்சம் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கால் தானாக ரயிலடிக்கு நடக்கவும் பழகியிருந்தது.

கடைசி ஞாயிறு. வீட்டில் சாமான்களெல்லாம் அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டன. வியாழக்கிழமை கிளம்ப வேண்டும். கார் ஓடியது. முன்னாலேயே ஓடியது. கென்ஸோவைப் பக்கத்தில் உட்காரவைத்து, துறைமுகச் சாலையில் போய்த் திரும்பினான் மினோரு. இன்ஜின் சத்தம் தூங்கும் பூனையின் குறட்டை மாதிரி சீராக இருந்தது. எந்த நிமிஷமும் தன் பெயர் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினான். மாமனாரோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படகுகளையே பார்த்தார்.

கொட்டகைக்கு வந்து இறங்கியதும் அவர் நேரே டின்னைப் போய்ப் பார்த்தார்.

"ஆபீசு, ஒண்ணு மிஞ்சியிருக்கே."

மினோரு டின்னுக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளங்கை அகலத்தில், இரண்டு ஓட்டையோடு, வளைந்த ஓர் இரும்புத் துண்டு. நட்டு, சுருள்வில் என்றால் கண்ணில் படாமல் போகலாம். இவ்வளவு பெரிய சாமானை எப்படி விட்டான்?

"அடுத்த ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாமா?" என்றார் கென்ஸோ, அவனைப் பார்க்காமல்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நாங்க சப்போரோவுல இருப்போம் மாமா."

"ஆமால்ல" என்றார். ஆரஞ்சை உரித்தார். பாதி இல்லை, முழுசையும் அவன் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மினோருவுக்கு மனசே ஆறவில்லை. தோற்றுவிட்டோம், ஒரு காரைக்கூட முழுசாகப் பூட்டத் தெரியாதவன் என்றுதான் அந்த மனிதர் காலத்துக்கும் நினைத்துக்கொள்ளப் போகிறார், கடைசிவரை ஆபீசுதான். இது எங்கே போக வேண்டிய துண்டு என்று தெரிந்தால் புதன்கிழமைக்குள் லீவு போட்டாவது வந்து பூட்டிவிடலாம். துண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, ரயிலடிக்குப் போகிற வழியில் இருந்த காயலான் கடைக்குள் நுழைந்தான். கடைக்கார அம்மா ஒகாபே, உடைந்த வண்டிகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, இது காருல எந்த இடத்துல வரும்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. எங்க மாமனார் கென்ஸோவோட பழைய கார். இன்ஜினா, கியர்பாக்ஸா, ஒண்ணும் புரியல."

ஒகாபே அதை வாங்கி ஒரு புரட்டுப் புரட்டினார். அவனையும் ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"காருலயா? இது நாத்து நடுற மெஷினோட துண்டாச்சே."

"நாத்து நடுற மெஷினா? அது எப்படிம்மா எங்க கார் டின்னுக்குள்ள வந்துச்சு?"

ஒகாபே பக்கத்திலிருந்த உதிரி இரும்புப் பெட்டியைக் காலால் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

"அட, ஆபீசு மாப்ளே நீங்கதானா? உங்க மாமாதான் சனிக்கிழமையானா சைக்கிள மிதிச்சுக்கிட்டு வந்து இந்தப் பெட்டியில கைய விட்டு எதையாச்சும் ஒண்ண எடுத்துட்டுப் போவாரு. எந்த வண்டிக்குண்ணேன்னு கேட்டா, 'எதா இருந்தா என்ன, கார் வேலை முடிஞ்சிட்டா எங்க மினோரு அடுத்த ஞாயித்துக்கிழமை எதுக்கு வருவான்?'ங்கறாரு!"