நிழல் விழாத ஊர்க்காரன்

தஞ்சாவூரில் பிறந்தவனுக்குப் பாடத் தெரியாது என்று சொன்னால் உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தாலே தொண்டையில் சுருதிப்பெட்டி முளைத்துவிடும் என்று நினைப்பு. எனக்கு முளைத்தது சதை மட்டும்தான். எங்கள் தெருப் பாட்டு வாத்தியாரிடம் ஒரு தை மாதம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தை முடிவதற்குள் அவரே என் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார். ("பையன் தங்கமான பையன். பாட்டு மட்டும் வேண்டாம்.")

இந்தத் தகுதியோடுதான் மலாக்காவுக்குக் கப்பலேறினேன். மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடையில் விற்பனை வேலை. காஜா பேராங்கில், கம்போங் செட்டி என்ற குடியிருப்பில் ஒரு வீட்டில் அறை கிடைத்தது. வீட்டுக்காரர் பெயர் ஆறுமுகம். நெற்றி நிறையத் திருநீறு, வாசலில் மாவிலைத் தோரணம். "அப்பாடா, நம்ம ஆள்" என்று முதல் நாளே அவரிடம் ஊர்க்கதை முழுவதையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு மலாயில் ஏதோ சொன்னார். பல தலைமுறைக்கு முன்னால் வந்து, இந்த மண்ணிலேயே பெண்ணெடுத்து வேர்விட்ட குடும்பம் அது. சாமி தமிழ்ச் சாமிதான். பேச்சு மலாய்.

எனக்குத் தெரிந்த மலாய் கடையில் கற்ற ஒரே ஒரு கூவல். "மாரி தெங்கோக்! காயின் பாரு! மூரா, மூரா! போலே குராங்!" வந்து பாருங்கள், புதுத் துணி, மலிவு, மலிவு, இன்னும் குறைத்துத் தரலாம் என்று அர்த்தம். இதை வைத்துக்கொண்டு துணி விற்கலாம், சிநேகிதம் பிடிக்க முடியாது. சாயங்காலம் அறைக்கு வந்தால் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடும்பமே சிரித்துக்கொண்டிருக்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நானும் இந்தப் பக்கம் தனியாகச் சிரித்துப் பார்ப்பேன். சகிக்காது. சில நாள் என் குரல் மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே கண்ணாடியைப் பார்த்து "சாப்பிட்டாயா?" என்று கேட்டுக்கொள்வேன்.

சுதந்திரம் வந்தது. ஊரெல்லாம் கொடி. கப்பலில் வந்த எங்களைப் போன்றவர்களிடம் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இங்கேயா, அங்கேயா? நான் அங்கே என்று முடிவு செய்து, முதலாளியிடம் கப்பல் டிக்கெட்டுக்கும் சொல்லிவிட்டேன். "போகாதே" என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும், இருந்திருப்பேன். சொல்ல எனக்கு அந்த ஊரில் ஆளில்லை.

அப்போதுதான் கடையில் சரக்கு லாரி ஓட்டிய முனியாண்டி அண்ணன் செய்தி கொண்டுவந்தார். புக்கிட் ரம்பாய்க்காரர், தமிழும் மலாயும் சரளமாகப் பேசுவார், ஆனால் சரக்கை இறக்கியதும் பறந்துவிடுவார்.

"தம்பி, ஒன் வீட்டுக்காரரு மகளுக்குக் கல்யாணம்லா. நாளைக்குச் சாயங்காலம் பந்தல்ல டொண்டாங் சாயாங் பாட்டு. ஒன்னையும் கூப்புடுறாரு. தஞ்சாவூரு ஆளுன்னு முன்னாடி உக்கார வைக்கப் போறாங்க."

அந்த நாட்டில் எனக்கு வந்த முதல் அழைப்பு. இருந்த ஒரே பட்டுக்கரை வேட்டிக்குக் கஞ்சி போட்டு, அது தானாகவே நிற்கும் அளவுக்கு இஸ்திரி போட்டேன்.

பந்தலில் பெட்ரோமாக்ஸ் விளக்கு, வயலின், ரெபானா என்ற மேளம், கோங் என்ற பெரிய வெண்கலத் தட்டு. என்னை நடுநாயகமாக உட்கார வைத்தார்கள். பாட்டுக்கு முன் ஆறுமுகம் மாமா முனியாண்டி அண்ணன் மூலமாகக் கேட்டார்: "தஞ்சாவூருக்குப் போனா பாக்குறதுக்கு என்னா இருக்கு?"

மாதக்கணக்கில் பேசாதவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது? மடை திறந்துவிட்டது. பெரிய கோயில், மலைபோல் நந்தி, அரண்மனை, அதன் மணிகோபுரம், ஓலைச்சுவடி நிறைந்த நூலகம், வீணை செய்யும் தெரு, பக்கத்தில் திருவையாறு, ஆற்றங்கரையில் பாட்டு என்று அடுக்கினேன். "பெரிய கோயில் கோபுரத்து நிழல் தரையில் விழவே விழாது!" என்று கையை உயர்த்தி முடித்தேன். அண்ணன் மலாயில் சொன்னதும் பந்தலே "ஹா" என்றது. (உண்மையில் பெரிய கோயில் தவிர வேறெதையும் நான் எட்டிப் பார்த்ததில்லை. உள்ளூர்க்காரன் எவன் பார்க்கிறான்?)

பாட்டு தொடங்கியது. மாமாவின் தங்கை மகள் பாக்கியம் எழுந்து, நேராக என்னைப் பார்த்துப் பாடினாள். நல்ல குரல். ஒரு சொல் புரியவில்லை. ஆனால் தஞ்சாவூர்க்காரனுக்குக் கேட்கத் தெரியாதா? எங்கள் ஊர்ச் சபையில் பெரிய ரசிகர்கள் செய்வதை அப்படியே செய்தேன். கண்ணை மூடினேன். தலையை இடமும் வலமும் ஆட்டினேன். "ச்சு, ச்சு, ச்சு" என்று உச்சுக்கொட்டினேன். தொடையில் ஓங்கித் தாளம் போட்டேன். ரெபானாக்காரர் ஒரு தாளம், நான் ஒரு தாளம்.

பாட்டு நின்றது. கண்ணைத் திறந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ரசனையில் அசந்துவிட்டார்கள் என்று நினைத்து இன்னும் பலமாகத் தலையாட்டினேன்.

பாக்கியம் மறுபடி பாடினாள். இந்தமுறை குரலில் காரம். நான் மறுபடி "ச்சு, ச்சு." ஆறுமுகம் மாமாவின் முகம் சுண்டிவிட்டது.

முனியாண்டி அண்ணன் என் காதில் சீறினார். "டேய், என்னாடா பண்ற? அந்தப் புள்ள ஒன்னக் கேள்வி கேட்டுப் பாடுது. நீ பதிலு பாடணும். வாய மூடிக்கிட்டு வேணாம் வேணாம்னு தலையாட்டுற, ச்சீன்ற! அவமானப்படுத்துறியா?"

எங்கள் ஊரில் பாட்டுக்கு நடுவே வாயைத் திறப்பவன் பாவி. இங்கே திறக்காதவன் பாவி. யார் சொல்லியிருந்தார்கள்?

"என்ன கேட்டாள்?"

"அப்பறம் சொல்றேன். மொதல்ல பாடுடா! மலாய்ல!"

எழுந்தேன். வேட்டி என்னைவிட விறைப்பாக நின்றது. வயலின்காரர் பரிவோடு சுருதி கொடுத்தார். பந்தல் முழுக்கக் காத்திருந்தது. என்னிடம் இருந்த மலாய் முழுவதையும், முகாரிக்குப் பக்கத்து வீடு மாதிரியான ஒரு ராகத்தில், அந்தக் கல்யாணமாகாத பெண்ணைப் பார்த்துப் பாடினேன்:

"மாரி தெங்கோக்... காயின் பாரு... மூரா, மூராஆஆ... போலே குராங்..."

கோங் அடிப்பவர் கையிலிருந்த கட்டை கீழே விழுந்தது. அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு வெடித்தது. பந்தல் கால்களே ஆடின. பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ பதில் பாட ஆரம்பித்தாள். நான் கேட்க நிற்கவில்லை. ஒரே ஓட்டமாக அறைக்கு ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். பலகைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு ஓயவேயில்லை. முதல் தடவையாக அது எதற்கென்று எனக்குப் புரிந்தது. பெட்டியை எடுத்து, இருந்த இரண்டு சட்டையையும் மடித்து வைத்தேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காலையில் முனியாண்டி அண்ணன் வந்து கதவை உடைக்காத குறை. பின்னால் ஆறுமுகம் மாமா, கையில் மூடிவைத்த சோற்றுத் தட்டோடு.

"அது என்னா பாடுச்சு தெரியுமா?" என்றார் அண்ணன். "கோபுரத்து நெழலு கீழ விழாதாம், இங்க ஒருத்தன் நெழலு மட்டும் தனியா விழுதாம். அவ்வளவும் உள்ள ஊர விட்டுட்டு நீ இங்க என்னாத்தப் பாக்க வந்தேன்னு கேட்டுச்சு."

பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

"நீ ஓடுனப்பறம் இன்னொன்னு பாடுச்சு. மலிவுத் துணிய நம்பி வாங்கக் கூடாதாம், ஒரு தடவ தொவச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுமாம்."

மாமா தட்டை என் கையில் வைத்து மலாயில் ஒரு வாக்கியம் சொன்னார். அண்ணன் மொழிபெயர்த்தார்: "இன்னைக்குக் கல்யாணத்துக்கு வரணுமாம். பதிலு பாக்கி வச்சுட்டு யாரும் ஊருக்குப் போகக் கூடாதாம்."

போகவில்லை. மலாய் கற்றேன். துவைத்துப் பார்க்கப் பாக்கியம் இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டாள், பிறகு கல்யாணம். எங்கள் வீட்டில் நான் எதற்காவது முறைத்துக்கொண்டு பேசாமல் இருந்தால் அவள் "ஜாவாப்லா!" என்பாள், பதில் சொல் என்று அர்த்தம். பிள்ளைகள் கோரஸாக "மூரா, மூரா!" என்பார்கள். சண்டை அதோடு முடிந்துவிடும்.

வெகுகாலம் கழித்து அவளைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். என் ஊர் அரண்மனையில் எனக்கே வழி தெரியாமல், நூலகம் எங்கே என்று வெளியூர்க்காரர் ஒருவரிடம் கேட்டேன். மணிகோபுரத்தை நானும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பெரிய கோயிலில் வெயில் தாங்காமல் அவள் ஒரு குளிர்ந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். பிறகு தரையைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது என்னா?" என்று தன் தமிழில் கேட்டாள்.

கோபுரத்தின் நிழல். நீளமாக, கலசம் வரைக்கும் தெளிவாக விழுந்து கிடந்தது. அவள் சிரித்த சிரிப்பில் புறாக்கள் பறந்தன. அந்த நிழலிலேயே உட்கார்ந்து பழைய பாட்டை மெல்லப் பாடினாள்: இவ்வளவும் விட்டுவிட்டு அங்கே எதைப் பார்க்க வந்தாய்? பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

இப்போது அவள் இல்லை. போகி அன்று எங்கள் வீட்டில் முன்னோருக்குப் படையல் போடுவோம். அவள் படத்துக்கு முன் இலை விரித்து, அவளுக்குப் பிடித்த நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும் கறுப்புக் காப்பியும் வைப்பாள் என் மகள் செல்வி. வைத்துவிட்டு என் முதுகில் தட்டுவாள். "அப்பா, ஜாவாப்லா!" பேரப்பிள்ளைகள் அப்போதே சிரிக்கத் தயாராக நிற்பார்கள்.

இப்போதெல்லாம் என் மலாய் நன்றாக இருக்கிறது. ஒழுங்கான பதில் ஒன்றும் கட்டி வைத்திருக்கிறேன். உன்னைத்தான் பார்க்க வந்தேன் என்று முடியும். ஆனால் படத்துக்கு முன் நின்றதும் வாயில் வருவது அந்தக் கூவல்தான்: மாரி தெங்கோக், மூரா, மூரா. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் மட்டும் இலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பேன். பாடிவிட்டால் எதிராளி பதில் பாட வேண்டும், அதுதானே இந்த ஊர் மரியாதை.