பஞ்சு நோட்டும் வெள்ளாட்டின் சீலும்

ஒரு காட்டில் சிங்கம்தான் ராஜா. ஆனால் சீல் குத்தும் வேலை வெள்ளாட்டிடம் இருந்தது. காட்டை ஆண்டது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

காட்டில் கள்ளப்பணம் பெருகியது. நாணயத்தைச் சோதிக்கக் கரடியையும், நோட்டைச் சோதிக்க வெள்ளாட்டையும் சிங்கம் நியமித்தது. நாணயம் எவர்சில்வர். முதல் நாளே கடித்துப் பார்த்த கரடிக்கு முன்பல் இரண்டு போய்விட்டன. மருத்துவ விடுப்பில் போனது, இன்னும் திரும்பவில்லை. வெள்ளாட்டுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நோட்டை நாம் காகிதம் என்று நினைக்கிறோம். அதைச் செய்வது பருத்திப் பஞ்சில். மென்றால் பருத்தி இனிக்கும், மரக்கூழ்க் காகிதம் கசக்கும். மூன்று வருடத்தில் வெள்ளாடு ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. நன்றாகக் கொழுத்தும் இருந்தது.

செவந்தி என்ற முயல் நிறைமாதக்காரி. அவள் வளைக்குப் பட்டா வாங்க அன்றுதான் கடைசி நாள். சாயங்காலத்துக்குள் நூறு ரூபாய் கட்டாவிட்டால், அடுத்து மனுப் போட்டிருந்த கீரிக்கு வளை போய்விடும். அந்தக் கீரி வரிசையில் அவளுக்குப் பின்னாலேயே பல்லைக் குத்திக்கொண்டு நின்றது.

“நோட்டைக் குடும்மா. ஒரிஜினலும் வேணும், ஜெராக்ஸும் வேணும்” என்றது வெள்ளாடு.

“நோட்டுக்கு எதுக்குங்கய்யா ஜெராக்ஸ்?”

“எல்லாத்துக்கும் கேக்குறோம். இதுக்கு மட்டும் எப்படிக் கேக்காம விடுறது?”

வாசலில் குரங்கு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தது. ஆபீஸ் இருக்கும் இடத்தில் அந்தக் கடை தானாக முளைத்துவிடும். செவந்தி இரண்டு முள்ளங்கியைக் கொடுத்து, நோட்டின் இரண்டு பக்கத்தையும் எடுத்து வந்தாள்.

வெள்ளாடு ஒரிஜினலை வாயில் போட்டது. கண்ணை மூடி மென்று விழுங்கியது.

“சுத்தமான பருத்தி. நல்ல நோட்டு.”

“ஐயா, எங்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதானுங்க.”

“நல்ல நோட்டுன்னுதானம்மா சொல்றேன். சந்தோஷப்படு.”

பிறகு ஜெராக்ஸை மென்றது. முகம் சுளித்துத் துப்பியது. அதன்மேல் ‘சோதிக்கப்பட்டது: போலி’ என்று சீல் குத்தி, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தது.

செவந்தி வேறு போக்கிடம் தெரியாமல் அந்த ஈரக் காகிதத்தோடு பணம் கட்டும் ஜன்னலுக்குப் போனாள். அங்கே கொக்கு உட்கார்ந்திருந்தது. மூன்று வருடமாக ஒரு நோட்டும் அதன் கைவரை வந்து சேர்ந்ததில்லை.

“சோதனை சீல் இருக்கு. கையெழுத்தும் இருக்கு” என்றது கொக்கு.

“போலின்னு போட்டிருக்குங்களே.” செவந்திக்குப் பொய் சொல்லத் தெரியாது.

“என்ன போட்டிருக்குன்னு பாக்குறது என் வேலை இல்லம்மா. சீல் வச்ச நோட்டை வாங்கணும். அதுதான் உத்தரவு.”

பட்டா கைக்கு வந்தது. அந்த வாரமே வளைக்குள் ஆறு குட்டிகள் பிறந்தன.

அவள் கையில் பட்டாவைப் பார்த்ததுமே கீரி வரிசையை விட்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடியது. அதன் பின்னால் மொத்த வரிசையும் ஓடியது. ஒரே மாதத்தில் கஜானா நிரம்பி வழிந்தது. தன் குடிகளின் நேர்மையை நினைத்துச் சிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஒரிஜினல் எங்க?” என்று வெள்ளாடு கேட்டால், “போன தடவையே சாப்பிட்டுட்டீங்களே ஐயா” என்றன எல்லாம். மரக்கூழையே மென்று மென்று வெள்ளாடு துரும்பாய் இளைத்தது.

மாதக் கடைசியில் கஜானாவிலிருந்து அதற்குச் சம்பளம் வந்தது. பசி தாங்காமல் ஒரு நோட்டை வாயில் வைத்தது. கசந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் அதன்மேல் தன் கையெழுத்தேதான்.

நீதி: நல்ல நோட்டை மென்று விழுங்கிவிடுவார்கள். பிழைக்க நினைப்பவர்கள், போலி என்று முறைப்படி ஒரு சீல் வாங்கி வைத்துக்கொள்ளவும்.