திருஷ்டிப் பொட்டு

மூன்றுகால் ஸ்டாண்டில் கேமராவைப் பூட்டிக் கண்ணை வைத்துப் பார்த்த வசந்தகுமாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. புளியமரத்தைக் காணோம்.

நேற்று விடியலில் படம் எடுத்த மரம். இன்று கொடும்பாளூர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரையில் பனிமூட்டம் மட்டும் இருந்தது. அடிக்கட்டையைத் தொட்டான். இன்னும் ஈரமாக இருந்தது.

"ஒங்க கண்ணுதாங்க" என்றாள், வீட்டுக்கு வந்து சொன்னதும், மனைவி பரிமளா. "எங்க மாமாவோட புது பைக்க நல்லா இருக்குன்னீங்க. அன்னைக்கே நொறுங்குச்சு."

"நான் சயின்ஸ் வாத்தியாருடி!"

"இருந்துட்டுப் போங்க. கைக்கொழந்தைக்கு வைக்கிற மாதிரி மரத்துக்கும் ஒரு பொட்டு வச்சுட்டு எடுங்க."

மறுநாள் வேப்பமரத்தில் கறுப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்துப் படம் எடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினான். அடுத்த விடியலில் வேம்பும் இல்லை.

"சின்னதா வச்சிருப்பீங்க."

வாகை மரத்துக்கு உள்ளங்கை அகலம் வைத்தான். அதுவும் போனது. கரையில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. யாரிடமாவது விசாரிக்கலாம், 'நீங்க படம் எடுத்த மரங்களா சார்?' என்று திருப்பிக் கேட்டுவிட்டால்? தன் கண்ணைக் கண்ணாடியில் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

மிஞ்சியது இலுப்பை. எட்டு வருடமாக அதன் கிளைகளுக்கு நடுவில் சூரியன் வருவதைப் படம் எடுக்கிறான். பெற்ற பிள்ளைபோல அதன்மேல் அவனுக்கு உயிர். மூன்று நாள் அந்தப் பக்கமே திரும்பாமல் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

"இப்பப் பாக்காம இருந்தா? எட்டு வருசம் பாத்தது எங்கிட்டுப் போகும்?" என்றாள் பரிமளா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இலுப்பைக்கு நான்கு பக்கமும் பொட்டு வைத்தான்.

சனிக்கிழமை விடிந்தது. பனிக்குள் மரம் நின்றுகொண்டிருந்தது! வசந்தகுமார் அழுதேவிட்டான். கிளைகளுக்கு நடுவே முதல் வெளிச்சம் வந்தது. ஆசை தீரப் படம் எடுத்தான். பள்ளி விடுமுறை என்பதால், கிளம்ப மனமில்லாமல் அதன் அடியிலேயே உட்கார்ந்தான்.

வெகுநேரம் கழித்து ஒரு டிராக்டர் வந்து நின்றது. மரம் அறுக்கும் மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு ஆவூர் சவரியப்பன் இறங்கினார்.

"கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி உக்காருங்க சார். மொத நாளு எந்த மரமுன்னு தெரியாம மாத்தி வெட்டிட்டு, காண்ட்ராக்டர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டோம். அதுக்கப்பறம் யாரோ ஒரு புண்ணியவான், வெட்ட வேண்டியதுக்கெல்லாம் கறுப்புப் பொட்டு வச்சுட்டுப் போறாரு. இதுக்குப் பாருங்க, நாலு பக்கமும் வச்சிருக்காரு. வேரோட எடுக்கணும் போல!"