வைக்கிற மீன், விடுகிற மீன்

தூண்டில் நுனியில் மீன் துடித்துக்கொண்டிருந்தது. இராசையாவும் துடித்துக்கொண்டிருந்தார். மீனுக்காவது ஒரு காரணம்தான்.

"வைக்கிறியளோ, விடுறியளோ?" என்று பக்கத்துக் கதிரையில் இருந்தவர் கேட்டார்.

"நீங்கள் சொல்லுங்கோ அண்ணை."

"நீங்கள் பிடிச்ச மீன். நீங்கள்தான் சொல்லோணும்."

சோதனை தொடங்கிவிட்டது.

மனிதர் இந்த ஏரிக்கு மீனுக்காகவா வந்தார்? மகள் கௌசிகாவுக்காக வந்தார். கௌசிகாவும் அனுஷன் என்ற பெடியனும் ஒருவரையொருவர் விரும்பியிருந்தார்கள். தங்கமான பெடியன், ஆஸ்பத்திரியில் தாதி வேலை. இரண்டு தாய்மாரும் தொலைபேசியிலேயே கலியாண மண்டபம், மேளம், ஐயர் என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது அனுஷனின் தகப்பன் இரத்தினசிங்கம் ஒருவர்தான். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பொம்பிளையின்ர தேப்பனை ஒரு ஞாயிறு ஏரிக்கு வரச்சொல்லுங்கோ. எந்த மீனை வைக்கிறான், எந்த மீனை விடுறான் எண்டதிலை ஆளைத் தெரியும்" என்று மட்டும் சொல்லியனுப்பியிருந்தார்.

இரத்தினசிங்கத்தின் மூத்த மகனுக்குப் பேசிய இடம் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையோடுதான் குழம்பியதாம். அந்தப் பாவி மனுசன் எந்த மீனை வைத்தாரோ, ஆருக்குத் தெரியும்!

விடியப்புறம் டார்னெய்ட்டில் இருக்கும் வீட்டு வாசலில் கௌசிகா கார்த் திறப்பைக் கையில் தந்தபோது, அவள் கண் சிவந்திருந்தது. "அப்பா, ப்ளீஸ். ஒண்டையும் குழப்பிப்போடாதேங்கோ. எனக்கு அனுஷன் இல்லாட்டி வேற ஒருத்தரும் வேண்டாம்."

குழப்பக்கூடாது என்றால் மீனைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். இராசையா மானிப்பாய்க்காரர். மீன் சைக்கிளில் வரும், குசினிக்குள் போகும், சாப்பாட்டுக் கோப்பையில் வரும். அதற்கு முந்திய கதை ஒன்றும் அவருக்குத் தெரியாது.

பலராட் நகரத்தையும் தாண்டி, பாதை தவறி, அரை மணி நேரம் பிந்தித்தான் ஏரிக்கு வந்து சேர்ந்தார். புல்லெல்லாம் உறைபனி. தண்ணீர் ஓரத்தில் மெல்லிசாக ஐஸ் கட்டியிருந்தது. அந்தக் குளிருக்குள் கரையில் ஒரேயொரு தமிழ் முகம். முழு முகமென்றும் சொல்ல முடியாது. புருவம் வரைக்கும் கம்பளித் தொப்பி, மூக்கு வரைக்கும் சால்வை, அதன் ஓரத்தால் தெரிந்த கொஞ்சம் நரைத்த தாடி. கௌசிகா காட்டிய படத்தில் இரத்தினசிங்கம் கோட்டும் கண்ணாடியுமாய் மழித்த முகத்தோடு இருந்தார். குளிருக்குத் தாடி விட்டிருக்கிறார் போல என்று இராசையா நினைத்துக்கொண்டார். பக்கத்தில் இரண்டாவது கதிரையும் போட்டிருந்ததே!

"பிந்திப்போச்சு அண்ணை. குறை நினையாதேங்கோ."

"சீச்சீ, இப்பதான் மீன் எழும்புது. வாங்கோ, இருங்கோ." கதிரையில் இருந்த புழு டப்பாவை அவர் நிலத்தில் வைத்தார்.

"நீங்கள் வடமராட்சிப் பக்கம் எல்லோ?"

"ஓமோம்! கதையிலையே பிடிச்சிட்டியள்."

அனுஷனின் குடும்பமும் வடமராட்சிதான். எங்கட ஆக்களுக்கு ஊர் தெரிந்தால் முக்கால்வாசி தெரிந்த மாதிரி. இராசையா பலகாரப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். பொம்பிளை வீட்டுக்காரர் வெறுங்கையோடு போகலாமோ? மனைவி பவளராணி இரண்டு நாளாய் நின்று பயத்தம் பணியாரமும் மட்டன் ரோல்ஸும் செய்து அடுக்கியிருந்தாள்.

"ஐயோ, எனக்கே? ஏன் அண்ணை இதெல்லாம்?"

"எங்கட கடமை. மறுக்கக்கூடாது."

அவர் சால்வையைக் கொஞ்சம் விலத்தி ஒரு பணியாரத்தைக் கடித்தார். கண் கலங்கின மாதிரி இருந்தது. "வீட்டுப் பலகாரம் திண்டு எவ்வளவு காலம்" என்றார். இராசையாவுக்குப் பாதி உயிர் வந்தது. இரத்தினசிங்கத்தின் மனைவி யோகராணியம்மா பலகாரம் சுடுவதில்லைப் போல என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அதை உடனே அடக்கிக்கொண்டார்.

பிறகுதான் அவர் தன் உபரித் தூண்டிலைக் கையில் கொடுத்தார். உடனேயே இந்த மீன் வந்து மாட்டியது. உடம்பில் கறுப்புப் பட்டை, அடியில் சிவப்புச் செட்டை. ரெட்ஃபின் என்றார் கதிரைக்காரர்.

"ஒண்டுக்குப் போட்டு வாறன் அண்ணை." மீனைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுவிட்டு, இராசையா மரத்துக்குப் பின்னால் போய் மனைவியைத் தொலைபேசியில் அழைத்தார்.

"என்னப்பா, என்ன சொல்லுறார்?"

"ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு. சின்ன மீன் ஒண்டு பட்டிருக்கு. வைக்கவோ, விடவோ?"

"எவ்வளவு சின்னன்?"

"என்ர கையளவும் வராது."

"அதைப்போய் வைச்சால் அற்பன் எண்டெல்லோ நினைப்பார். பெரிய மனசோடை விடுங்கோ!"

இராசையா பெரிய மனதோடு விட்டார். மீன் ஒரு துள்ளலில் மறைந்தது.

"ஐயையோ, விட்டிட்டியளே!" கதிரைக்காரர் எழும்பியேவிட்டார். "இது வெளியில இருந்து கொண்டுவந்து விட்ட சாதி அண்ணை. இஞ்சத்தை மீன்குஞ்செல்லாம் திண்டுபோடும். பிடிச்சால் ஒருத்தரும் திருப்பி விடுறேல்லை. அதோடை பொரிக்கத் திறமான அளவு."

இராசையாவின் காது சுட்டது. முதல் கேள்வியிலேயே முட்டை!

சரி, இனி விடுவதில்லை. அடுத்து வந்த இரண்டு சின்னதையும் வாளிக்குள் போட்டார். கதிரைக்காரர் தலையாட்டினார். அப்பாடா. கொஞ்சத்தில் அவர் தேத்தண்ணிப் போத்தல் எடுக்கக் காருக்குப் போனார். அந்த நேரம் பார்த்துத்தான் பெரியது மாட்டியது. முழங்கை நீளம், ஊதிப்போன வயிறு.

இராசையா அதைப் பார்த்தார், அது இராசையாவைப் பார்த்தது. பெரிய தாய் மீனை விட்டுவிட வேண்டும் என்று முதல்நாள் யூடியூப்பில் ஒருவன் அடித்துச் சொன்னான். விட்டால் இவர் கத்துவார். சின்னதுதான் திறம் என்று இவரே சொன்னார். பெரியதை வைத்தால் ஆசை பிடித்தவன் என்று ஆகிவிடும். விடவும் கூடாது, வைக்கவும் கூடாது. அப்போது ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நாயோடு வந்தார். கடவுளே அனுப்பினது போல! இராசையா மீனைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டார்.

"பெரிசொண்டு பட்டமாதிரிக் கிடந்துதே?" என்று கேட்டுக்கொண்டே கதிரைக்காரர் திரும்பி வந்தார்.

"ஓம். பாவம், அந்தக் கிழவனுக்குக் குடுத்திட்டன்." இராசையா புகழ்ச்சிக்காகக் காத்திருந்தார்.

"வயிறு எப்பிடி இருந்தது?"

"நல்லா ஊதி."

கதிரைக்காரர் தேத்தண்ணியை மூடி வைத்தார். "சினை அண்ணை. இந்த மாதத்திலைதான் சினை பிடிக்கிறது. சினைப் பொரியல் எண்டால் எனக்கு உயிர். இந்தமுறை இன்னும் ஒண்டும் அம்பிடேல்லை. பரவாயில்லை, விடுங்கோ."

அந்தப் 'பரவாயில்லை' இருக்கிறதே, அதற்குப் பதில் அவர் இராசையாவின் கன்னத்தில் இரண்டு அறை தந்திருக்கலாம். கௌசிகாவின் சிவந்த கண் இராசையாவுக்கு முன்னால் வந்து நின்றது. அவர் கிழவருக்குப் பின்னால் ஓடத் தொடங்கினார்.

காற்சட்டைப் பைக்குள் தொலைபேசி அடித்தது. பவளராணி. "என்னப்பா, எங்கை நிக்கிறியள், அவர்..." என்று அவள் தொடங்க, "பிறகு எடும்!" என்று கத்தி நிறுத்திவிட்டு ஓடினார்.

கொடுத்த மீனைத் திருப்பிக் கேட்க ஆங்கிலத்தில் மரியாதையான சொல் இருக்கிறதா? "சேர், ஃபிஷ், பிளீஸ். மை டோட்டர். மேரேஜ்" என்று மூச்சு வாங்கினார். கிழவர் மீனையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மீனைக் கொடுத்தார். நாய்தான் சம்மதிக்கவில்லை. மீனின் வாலைக் கடித்துக்கொண்டு நின்றது. வழியில் தின்னப் பைக்குள் போட்டிருந்த மட்டன் ரோல்ஸ் ஒன்றைக் கொடுத்த பிறகுதான் விட்டது. அதற்குள் வால் போய்விட்டது.

மிச்ச மீனை மார்போடு அணைத்துக்கொண்டு இராசையா கரையோரமாகக் குறுக்கு வழியில் திரும்பி ஓடினார். நிலம் என்று நினைத்து மிதித்தது ஐஸ். அது கண்ணாடி மாதிரி நொறுங்கியது. இடுப்பு வரைக்கும் ஏரி.

"ஐயோ அண்ணை!" கதிரைக்காரர் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தார். மீன் கையைவிட்டுப் போகவில்லை. தொலைபேசி செத்துப்போய்விட்டது.

"இருங்கோ, இருங்கோ. கால் விறைச்சுப்போகும். என்னட்டைக் காஞ்ச காலுறை கிடக்கு." அவர் புல்லில் முழங்காலில் இருந்து இராசையாவின் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்.

இராசையா பதறிப்போனார். மாப்பிள்ளையின் தகப்பன் பொம்பிளையின் தகப்பனுடைய காலைப் பிடிப்பதா! இதை ஒருவர் கண்டால் டார்னெய்ட்டில் தலை காட்ட முடியுமா? "ஐயோ, நீங்கள் பிடிக்கக்கூடாது! விடுங்கோ!" என்று காலை வெடுக்கென்று இழுத்தார். கதிரை சரிந்தது. இராசையா சரிந்தார். வாளியும் சரிந்தது. சின்ன மீன் இரண்டும் புல்லில் வழுக்கி, ஐஸ் நொறுங்கிய ஓட்டைக்குள் விழுந்து போய்விட்டன.

இரண்டு பேரும் அந்த ஓட்டையைப் பார்த்தபடி இருந்தார்கள். பிறகு கதிரைக்காரர் சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமல் வருமட்டும் சிரித்தார். அது நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா என்று இராசையாவுக்கு விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே கலியாணத்தை முறித்த ஆக்களையும் அவருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு எந்த மீன் வந்தாலும் இராசையா கதிரைக்காரரின் மடியிலேயே வைத்தார். அவர் காலுறையைப் போட்டுக்கொண்டு, அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, மகளுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்து யோசித்து அழுகை வந்தது. மத்தியானம் போல ஒரு வாளி நிறைய மீன் சேர்ந்திருந்தது.

"பாதி பாதி அண்ணை" என்றார் கதிரைக்காரர், கார்ப் பின்கதவைத் திறந்தபடி.

"இல்லையில்லை, எல்லாம் உங்களுக்குத்தான்."

"சீ, பிழை. நீங்களும் பிடிச்சனீங்கள்."

"எங்களுக்கு ஒண்டும் வேண்டாம். நீங்கள் சந்தோசமா இருந்தால் காணும்." இராசையா பவளராணியின் புது ஐஸ் பெட்டிக்குள் எல்லா மீனையும் கொட்டி, மேலே வாலில்லாத சினை மீனையும் வைத்து, பெட்டியோடு அந்தக் காருக்குள் தள்ளிவிட்டார்.

கதிரைக்காரர் அந்தப் பெட்டியை ஒருமுறை தடவினார். "இந்த நாட்டிலை என்னோடை ஒருத்தரும் இப்பிடி ஒரு நாள் வந்து இருந்ததில்லை அண்ணை. உங்களுக்கு நான் என்ன செய்யிறது?"

இதைவிட்டால் வேறு நேரம் வராது. இராசையா ஈரக் காற்சட்டையோடு நடுங்கிக்கொண்டு கையைக் கூப்பினார்.

"எனக்கு ஒண்டும் செய்ய வேண்டாம். நான் பிழை விட்டிருந்தாலும் என்ர பிள்ளையிலை கோவிக்காதேங்கோ. உங்கட மகனுக்கு என்ர மகளைச் செய்யச் சம்மதம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

கதிரைக்காரர் சால்வையைக் கீழே இழுத்துவிட்டு, இராசையாவை மேலும் கீழும் பார்த்தார்.

"மகனோ? படகிலை இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு, விசா கிடைச்சாப் பிறகுதான் கலியாணம் எண்டு இருக்கிறன் அண்ணை. எனக்கு இன்னும் ரெண்டும் வரேல்லை."